சாரிதாலா லைன்

இந்த அறையின் ரேடியேட்டர் நன்றாக வேலை செய்கிறது, தம்பி. உள்ளே வந்ததும் அதன் கீழ்க்குழாயைத் தொட்டுப் பார்த்தேன். பழக்கதோஷம். எல்லோரும் மேல்குழாயைத் தொட்டுவிட்டுச் சூடாக இருக்கிறது என்பார்கள். மேல்குழாயில் வருவது கொதிகலனிலிருந்து நேராக வரும் தண்ணீர், அது எப்போதும் சூடாகத்தான் இருக்கும். சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகும் தண்ணீர் கீழ்க்குழாயில் இருக்கிறது. அது வெதுவெதுப்பாக இருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று பொருள்.

தம்பி என்று கூப்பிடுவதில் உங்களுக்கு வருத்தம் இல்லையே? என் மூத்த மகனைவிட நான்கைந்து வயதுதான் கூடுதலாக இருப்பீர்கள். என் பெயரும் பதவியும் உங்களிடம் இருக்கின்றன. எசென்குல், கோக்பெல் வட்டார மின் விநியோகத்தில் ரிலே பிரிவின் தலைவன். போன ஜனவரியில் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் இருண்டு போனதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிறீர்கள். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அனல் நிலையத்தார் நிலக்கரி ஈரமாக வந்தது என்றிருப்பார்கள். தலைநகரத்து அலுவலகம் அணையில் தண்ணீர் இல்லை என்றிருக்கும். நகரத் தலைவர் குளிரைச் சொல்லியிருப்பார். குளிரை இங்கே உட்காரவைத்து விசாரிக்க முடியாது என்பதால் எல்லோருக்கும் அது வசதி.

நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், அது நின்றதற்கு யார் பொறுப்பு என்பதும் புரிந்துவிடும். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு அவசரப்பட வேண்டாம்.

மின்சாரத்தை மாவு மூட்டைபோல் அடுக்கிவைக்க முடியாது. இந்த நொடியில் ஊர் எவ்வளவு இழுக்கிறதோ, அதே நொடியில் எங்கேயோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். பல குதிரைகள் பூட்டிய ஒரு பெரிய வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குதிரைகள் என்பவை மின்நிலையத்து டர்பைன்கள். எல்லாம் ஒரே நடையில் ஓட வேண்டும். அந்த நடைக்கு ஐம்பது ஹெர்ட்ஸ் என்று பெயர். வண்டியில் ஆட்கள் ஏற ஏற நடை தளரும். கொஞ்சம் தளர்ந்தால் பரவாயில்லை. நாற்பத்தொன்பதுக்கும் கீழே போனால் டர்பைனின் இறக்கைகள் அதிர ஆரம்பிக்கும். உடைந்துபோகாமல் இருக்க அது தானே கயிற்றை அறுத்துக்கொண்டு விலகிவிடும். ஒரு குதிரை விலகினால் மிச்சமுள்ளவற்றின்மேல் இன்னும் பாரம். அவையும் ஒவ்வொன்றாக விலகும். கடைசியில் வண்டி நடுவழியில் நிற்கும்.

அப்படி ஆகாமலிருக்க ஒரே வழி, நடை தளரும்போதே வண்டியிலிருந்து சிலரை இறக்கிவிடுவது. அதற்குச் சில நொடிகள்தான் இருக்கும். அதனால் அந்த வேலையை மனிதர்களிடம் விட்டுவைக்கவில்லை. ஊருக்குள் போகும் ஒவ்வொரு லைனுக்கும் துணைமின் நிலையத்தில் ஒரு ரிலே இருக்கிறது. இவ்வளவு தளர்ந்தால் முதலில் இந்த லைன்கள், இன்னும் தளர்ந்தால் அடுத்து அந்த லைன்கள் என்று முறை வைத்து அது துண்டித்துவிடும். எங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று ரிலேவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. இதை முதலில் யோசித்தவனை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஒவ்வொரு ரிலேவுக்கும் கீழே விரல் அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். பழுது பார்க்கும் நேரத்தில் ரிலேவின் கையைக் கட்டிவைப்பதற்காக வைத்தது. ஒரு பக்கம் திருப்பினால் ரிலே கொடுக்கும் கட்டளை லைனுக்குப் போய்ச் சேரும். மறுபக்கம் திருப்பினால் ரிலே கட்டளை கொடுக்கும், அது எங்கேயும் போய்ச் சேராது. பலகையில் பச்சை விளக்கு இரண்டு நிலையிலும் எரியும். ஆய்வுக்கு வருகிறவர்கள் விளக்கைத்தான் பார்ப்பார்கள்.

அந்தத் தகடுகளை நான் திருப்பினேன். ஒரே நாளில் அல்ல. ஆறு குளிர்காலமாக.

முதலில் வந்தவர் என் மனைவியின் அண்ணன், ஜூமாபாய். அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், அப்போது மூச்சுக் கருவியை வைத்துக்கொண்டு படுக்கையில் இருந்தார். ஜூமாபாய் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"மாப்ளே, அப்பாவோட மூச்சு அந்த மெஷின்லதான் ஓடுது. ஒரு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா நான் என்ன, வாயால ஊதுறதா?"

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மறுநாள் காலையில் மேல்தெரு லைனின் தகட்டைத் திருப்பினேன். அந்த லைனில் சுமார் நானூறு வீடுகள். ஒருவருக்குச் செய்த உதவி நானூறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாமனார் அடுத்த வசந்தத்தில் மரியாதையாகத் தன் படுக்கையில் இறந்தார். தகட்டை நான் பழையபடி திருப்பவில்லை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது நன்றாக இருக்காது.

பிறகு பள்ளித் தலைமையாசிரியை வந்தார். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படிக்கிறார்கள் என்றார். பிறகு மசூதி இமாம். பிறகு பொதுக் குளியலறை நடத்துபவர். ரொட்டி அடுப்புக்காரர், என்னோடு படித்தவர், என்னோடு படித்தவரின் மைத்துனர். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. இதை லஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் குதிரை இறைச்சியில் செய்த தொத்திறைச்சி கொண்டுவந்தார், இன்னொருவர் ஒரு ஜாடிப் பாலாடை. எங்கள் ஊரில் வெறுங்கையோடு யார் ஒரு வீட்டுக்குள் நுழைவார்கள்? கொண்டுவந்ததை என் மனைவி வேகவைத்து அவர்களுக்கே பரிமாறினாள். பெரும்பாலும் அவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்ததுதான். வாசலோடு திரும்புகிறவர்கூட ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். என் ரொட்டியைத் தின்ற மனிதரை அடுத்த வாரம் இருட்டில் உட்காரவைக்க எனக்குக் கை வராது. என் அப்பாவுக்கும் வந்திருக்காது.

இப்படியே ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு போனதில், ஆறாவது குளிர்காலத்தில் கை கட்டப்படாத ரிலே ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது சாரிதாலா லைன்.

சாரிதாலா ஊருக்கு வெளியே, பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கு மலைகளில் மண் சரிந்து கிராமங்கள் புதைந்தபோது அங்கிருந்து வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த இடம். மண்கல் வீடுகள். அவசரத்தில் கட்டியதால் ஒன்றில்கூட அடுப்பும் புகைபோக்கியும் கிடையாது. மின்சார அடுப்பு சுத்தமானது, மலிவானது, புகையில்லாதது என்று அவர்களிடம் போய்ப் பேசியது எங்கள் நிறுவனம்தான். அந்தக் கூட்டத்தில் வரைபடம் வைத்து விளக்கியவன் நான். நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள், சூளையில் கல் அறுக்கிறார்கள், பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார்கள். ஊரில் அவர்களுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

சின்னச் சின்னத் தளர்ச்சிக்கு அந்த ஒரு லைன் போதும். சாரிதாலா ஒரு மணி நேரம் அணையும், நடை சரியாகும், ஊரில் விளக்கு கண்கூடச் சிமிட்டாது. நாட்டிலேயே மிகக் குறைவாக மின்வெட்டு நடக்கும் வட்டாரம் என்று எங்களுக்குப் பாராட்டு கிடைத்தது. விருந்துகளில் என்னை வாசலுக்கு எதிர்ப்புறம், மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைக்க ஆரம்பித்தார்கள். அந்த இடம் எனக்குப் பதவியால் வந்ததில்லை. பொறியாளர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு.

போன இலையுதிர் காலத்தில் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள். பெயர் பெர்மெட். சாரிதாலாக்காரி, கணவன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தான். நீங்கள் அவளிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள். ஆனால் அன்று நடந்ததை நான் சொல்வதுபோல் அவள் சொல்லியிருக்க மாட்டாள், அதனால் கேளுங்கள். மதிய நேரம். நானும் எங்கள் மின்பகிர்வுக் கட்டுப்பாட்டாளர் மெலிஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாம்மா, உட்காரு, முதலில் ரொட்டி எடுத்துக்கொள் என்றேன். அவள் நின்றபடியே பேசினாள்.

"வேண்டாங்க. பிள்ளையப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். எங்க லைன் மட்டும் ஏன் போய்க்கிட்டே இருக்கு?"

"வரிசைப்படி போகுதும்மா."

"அந்த வரிசையில எங்களுக்கு முன்னாடி யாரு? பின்னாடி யாரு?"

மெலிஸ் தேநீர்க் கிண்ணத்துக்குள் சிரித்தான். "என்னக்கா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?"

"பஸ்ஸுன்னா முன்னாடி நிக்கிறவன் முதுகாவது தெரியும்," என்றாள்.

கெட்டிக்காரி. எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளலாம். தன் வீட்டில் புகைபோக்கி இல்லை, மாமியாருக்கு நெஞ்சுச்சளி, மகள் அய்பிகேவுக்கு நாலு வயது, கரண்ட் நின்றால் சூடும் நின்றுவிடுகிறது என்றாள். விதி என்ன என்று சொன்னால் அதற்குத் தக்கபடி இருந்துகொள்வோம், பெரிய குளிர் வருவதற்கு முன்னால் சொல்லுங்கள் என்றாள்.

நான் அவளுக்கு உதவத்தான் பார்த்தேன். எந்த ஊர், அப்பா பெயர் என்ன, அம்மா எந்த வம்சம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். இப்படி விசாரித்தால் எங்கேயாவது ஒரு சொந்தம் அகப்படும். என் பாட்டி வழியில் தெற்கத்திக்காரர்கள் உண்டு. ஒரு நூல் கிடைத்திருந்தால் போதும், நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"எங்க அப்பா பேருக்கும் கரண்டுக்கும் என்னங்க இருக்கு?"

அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? மனுவாக எழுதிக் கொடுக்கச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ரொட்டியை அவள் தொடவே இல்லை.

அந்த மாதத்திலேயே என் இளைய மகன் ஆசாத்துக்குப் பெண் பேசி முடித்தோம். பெண்ணின் அப்பா அனார்பாய், சந்தைக்குப் பின்னால் பழைய கம்பளிக் கிடங்கை வைத்திருப்பவர். கிடங்கில் இப்போது கம்பளி இல்லை. இணைய நாணயம் தோண்டும் கணினிகள் சுவர் சுவராக அடுக்கியிருக்கின்றன. இரவு பகலாக ஓடும். அந்தக் கிடங்கு ஒன்று மட்டும் சாரிதாலாவைப்போல மூன்று மடங்கு இழுக்கும். முதல் முறை உள்ளே போனபோது அந்த இரைச்சலையும் வெப்பத்தையும் நான் வெகுநேரம் ரசித்துக்கொண்டு நின்றேன். வெளியே பனி, உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார்கள். அனார்பாய் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்:

"இதுங்க என் பிள்ளைங்க மாதிரி, சம்பந்தி. தூங்கவே தூங்காது. நடுவுல யாராவது நிறுத்துனா அழும், அதுங்க அழுதா நானும் அழுவேன்."

சம்பந்தி வீட்டில் ஒன்று கேட்டு இல்லை என்று சொன்னவனை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. கிடங்கு லைனின் தகட்டையும் திருப்பினேன். அதுதான் கடைசி.

இனி ஜனவரிக்கு வருகிறேன். அன்று பெண் வீட்டில் வழியனுப்பு விருந்து. பகலிலேயே குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. சாயங்காலம் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும் நேரம், ஊர் அதிகமாக இழுக்கும் நேரம். எங்கள் பள்ளத்தாக்குக்கு இரண்டு வழியில் மின்சாரம் வருகிறது. ஒன்று ஊரிலேயே இருக்கும் அனல் நிலையம். மற்றொன்று மலைக்கணவாய் தாண்டி வரும் பெரிய லைன். அந்த லைன்மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏறினால் அதன் காப்பு அமைப்பு அதைத் துண்டித்துவிடும். பிறகு பள்ளத்தாக்கு தனியே நிற்கும், அனல் நிலையம் மட்டும் எல்லோரையும் இழுக்க வேண்டும்.

விருந்தில் எலும்பு பிரிக்கும் நேரம். ஆட்டில் எந்த எலும்பு யாருக்கு என்பதில் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை. இடுப்பெலும்பு மூத்தவருக்கு, தொடையெலும்பு அடுத்தவருக்கு, நெஞ்செலும்பு மருமகனுக்கு என்று வரிசை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் தன் பங்கைக் கேட்காமலே பெறுகிறார். அழகான ஏற்பாடு. அப்போது என் தொலைபேசி அடித்தது. மெலிஸ்.

"அண்ணே, தலைநகரத்துல இருந்து கத்துறாங்க. கணவாய் லைன் தாங்காதாம், உடனே பாரத்தக் குறைக்கணுமாம். எதை இறக்கட்டும்?"

சாரிதாலாவை இறக்கச் சொன்னேன். இறக்கினான். சற்று நேரத்தில் மறுபடி அழைத்தான்.

"பத்தலையாம். இன்னும் ஒண்ணு சொல்லுங்க. ஒரே ஒரு பேர் சொன்னாப் போதும்."

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எனக்கு இடப்பக்கம் ஜூமாபாய், மேல்தெரு லைன். அவருக்கு அடுத்து இமாம், ஆற்றங்கரை லைன். எதிரே தலைமையாசிரியை தன் மருமகளோடு. குளியலறைக்காரர் பாட ஆரம்பித்திருந்தார். ஒவ்வொரு லைனும் எனக்கு ஒரு முகமாக அந்தச் சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தம்பி, யாருடைய கையில் ரொட்டி இருக்கும்போது அவருடைய விளக்கை அணைக்கச் சொல்வீர்கள்?

மெலிஸ் குரலைத் தாழ்த்தினான். "உங்க சம்பந்தி கிடங்க மட்டும் நிறுத்துனாக்கூடச் சரியாயிடும், அண்ணே."

"அவர் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கார்."

"தெரியும். அதான் மெதுவாப் பேசுறேன்."

அந்த நேரத்தில் அனார்பாய் தன் கையாலேயே இடுப்பெலும்பை எடுத்து என் தட்டில் வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி, உப்பு பத்தலையா?" என்று கேட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். மெலிஸிடம், கொஞ்சம் பொறு, தானாகத் தேறிவிடும் என்றேன். அது தேறாது என்பது எனக்குத் தெரியும். அதை மறைத்து உங்களுக்கும் எனக்கும் என்ன ஆகப்போகிறது?

பிறகு கணவாய் லைன் துண்டித்துக்கொண்டது. அதற்கு மேல் நடந்தது சில நொடிக் கதை. ஆனால் நுட்பமானது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன். பள்ளத்தாக்கு தனியே நின்றது. அனல் நிலையத்தின் நடை சரசரவென்று தளர்ந்தது. எல்லா ரிலேக்களும், ஒன்று விடாமல், சரியான நேரத்தில் சரியான கட்டளையைக் கொடுத்தன. நான் பிறகு போய்ச் சோதித்தேன், அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்தக் கட்டளையும் லைனுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேரக்கூடிய ஒரே கட்டளை சாரிதாலாவுடையது. அந்த லைனை நாங்கள் ஏற்கெனவே கையால் அணைத்துவிட்டிருந்தோம். அணைந்திருந்ததையே ரிலே மறுபடி அணைத்தது. வண்டியிலிருந்து ஒருவர்கூட இறங்கவில்லை. டர்பைன்கள் கயிற்றை அறுத்துக்கொண்டன.

விருந்துக் கூடம் இருண்டது. யாரும் பயப்படவில்லை. எசென்குல் இங்கே இருக்கும்போது கரண்ட் எப்படிப் போகும், பிள்ளைகள் யாரோ சுவிட்சைத் தட்டியிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அனல் நிலையத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது நின்றுவிட்டால் தானாக எழுந்திருக்காது. நிலக்கரியை அரைக்க, தண்ணீரை ஏற்ற, காற்றை ஊத அதற்கே மின்சாரம் வேண்டும். கணவாய் லைன் மறுநாள்தான் திரும்பியது, அதிலும் கொஞ்சம்தான் எடுக்கலாம் என்றார்கள். அடுத்த சிக்கல், குளிர்ந்துபோன வீடுகள். வழக்கமாக ஒரு தெருவில் எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியாது, ஒன்று எரியும்போது ஒன்று ஓய்வெடுக்கும். வீடுகள் உறைந்தபிறகு மின்சாரம் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக எரியும். அதனால் அதே தெரு இரண்டு பங்கு இழுக்கும். மின்சாரத்தில் மட்டுமே சூடேறும் பகுதி என்றால் இன்னும் அதிகம். அப்படிப்பட்ட பகுதியைக் கடைசியில்தான் இணைக்க வேண்டும். எந்தப் பொறியாளரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் செய்தது சரி என்பார்.

முதலில் அனல் நிலையம், மருத்துவமனை, தண்ணீர் நிலையம். இவற்றில் யாருக்கும் குறை சொல்ல இருக்காது. அவற்றுக்கு அடுத்து அனார்பாயின் கிடங்கு. கணினிகள் சூடாக ஓடித் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், பிறகு அவை எதற்கும் உதவாது. இதுவும் தொழில்நுட்பக் காரணம்தான். அதன் பிறகு மேல்தெரு, ஆற்றங்கரை, மற்றவை. மூன்றாம் நாள் மத்தியானம் சாரிதாலா.

பத்திரிகைகள் சாரிதாலாவில் பதினொரு பேர் குளிரில் உறைந்து இறந்ததாக எழுதின. அது தவறு. உங்கள் அறிக்கையிலாவது சரியாக வர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒருவரும் உறையவில்லை. சூளையிலிருந்து நிலக்கரி கொண்டுவந்து, இரும்புத் தொட்டியில் கனல வைத்து, வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். காற்று நுழையாமல் சன்னல் இடுக்குகளைத் துணியால் அடைத்தார்கள். போதிய காற்றில்லாமல் நிலக்கரி கனன்றால் மணமோ நிறமோ இல்லாத ஒரு நச்சு வாயு வரும். இரத்தத்தில் மூச்சுக்காற்று உட்காரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. வலி கிடையாது. தூக்கம் மட்டும் வரும்.

பெர்மெட்டின் வீட்டில் இருந்தது ஒரே அறை. சின்ன அறை சீக்கிரம் சூடாகும், நிறையப் பேர் படுத்தால் இன்னும் சூடாகும். அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் தன்னோடு படுக்கவைத்தாள். கணக்கு சரியான கணக்குதான். வாசலிலிருந்து தள்ளி, உள்ளே, மரியாதையான இடத்தில் மாமியார். அவரை ஒட்டி அய்பிகே. அப்புறம் அந்த இரண்டு பிள்ளைகள். மருமகள் என்பதால் பெர்மெட் வாசற்படியோரம். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. நான் போய் அளந்து பார்த்தேன். அந்த இடைவெளியில் வந்த காற்று அவள் முகத்தில் மட்டும் பட்டிருக்கிறது. அவள் ஒருத்திதான் எழுந்தாள்.

நான் அங்கே போனபோது அவள் கதவுக்கு வெளியே, பனியில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வணக்கம் சொன்னேன். நான் அளந்து முடித்துத் திரும்பும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க. எங்களுக்குப் பின்னாடி யாரு இருந்தாங்க?"

அந்த நிலையில் அவளுக்கு ரிலே பற்றி விளக்குவது நாகரிகமாக இருக்காது என்று வந்துவிட்டேன்.

தகடுகள் எல்லாவற்றையும் உங்கள் குழு வந்து பழையபடி திருப்பிவைத்துவிட்டது. நல்ல காரியம். இருந்தாலும் நேற்று மாலை நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, உங்கள் அக்கா கீழ்ச்சந்தைப் பக்கம் குடிவந்திருக்கிறார், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னீர்கள். சங்கடப்பட வேண்டாம், இது வாக்குமூலத்தில் வராது. என் இடத்தில் இப்போது மெலிஸ் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் சொல்லிவிட்டேன். இந்நேரம் அந்த லைனின் தகட்டைத் திருப்பியிருப்பான். நன்றியெல்லாம் எதற்கு, நீங்கள் எனக்குத் தம்பி.

இனி எழுதிக்கொள்ளலாம். நிலக்கரி பொறுப்பில்லை, அணை பொறுப்பில்லை, குளிரும் பொறுப்பில்லை. ரிலேக்களின் கையைக் கட்டியவன் நான். ஒரு பெயர் சொன்னால் போதும் என்றபோது சொல்லாதவன் நான். மூன்று நாள் சாரிதாலாவைக் கடைசியில் நிறுத்திவைத்தவனும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

பெர்மெட்டின் வாக்குமூலத்தில் நீங்கள் வாசித்துக் காட்டிய ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குளிருக்கு முன்பே அவரிடம் போய்ச் சொன்னேன், அவர் ஒன்றும் செய்யவில்லை என்கிறாள். அவள் வந்தது உண்மை. ஆனால் அவள் விதியை நம்பி வந்தாள், என்னை நம்பி வரவில்லை. இந்த வித்தியாசத்தை யாராவது அவளுக்கு எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். முப்பது வருட வேலையில், என்னை நம்பி வந்த ஒருவரையும் நான் இருட்டில் விட்டதில்லை.